வருமுன் காத்தல்: தடுப்பு அறிவியலும் மனநலமும்

 

இலக்கிய வட்டத்தின் விழாவில் மனநலத்தையும் தடுப்பு அறிவியலையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். சொல்லை ஆள்வோர் கூடிய அவையில்தான் இப்பொருள் முதலில் பேசப்பட வேண்டும் என்பதற்குரிய காரணம் இவ்வுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

திருவள்ளுவர், குற்றங்கடிதல் அதிகாரத்தில், துன்பம் வருவதற்கு முன்னரே காத்துக்கொள்ளாதவனின் வாழ்வுக்கு நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போரை உவமையாக்குகிறார். அவ்வுவமையைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். வைக்கோலைப் பார்த்து, "நீ எரியாதே" என்று அறிவுரை கூறி எவரும் அதனைக் காத்ததில்லை. நெருப்பை அகற்ற வேண்டும். அல்லது போரைத் தள்ளி வைக்க வேண்டும். இரண்டிற்கும் இடையே ஓர் இடைவெளியை உண்டாக்குவதே காப்பு. இக்காலத்தார் தடுப்பு அறிவியல் என வழங்கும் துறையின் சாரமும் இதுவே. காத்தல் என்பது அறிவுரை அன்று, ஏற்பாடு.

தடுப்பு அறிவியல் என்பது யாது?

அம்மையும் வாந்திபேதியும் வந்தபின் மருந்து தேடுவதினும், தடுப்பூசி இடுதலும் குடிநீரைத் தூய்மை செய்தலும் மேல் என்பதை மருத்துவ உலகம் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்தது. அந்நெறியை மனநலத்திற்கும் பொருத்தலாம் என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் வேர்கொண்டது. ஜெரால்டு கேப்லன் என்னும் உளமருத்துவர் 1964ஆம் ஆண்டில் தடுப்பு உளமருத்துவத்தின் கொள்கைகளைத் தனிநூலாக வகுத்தார். 1983ஆம் ஆண்டில் ராபர்ட் கார்டன் என்பவர் தடுப்பு முயற்சிகளை மூவகைப்படுத்தினார். மக்கள் அனைவர்க்கும் உரியது ஒன்று. இடர் மிகுந்த பிரிவினர்க்கு உரியது மற்றொன்று. தொடக்க அறிகுறிகள் தோன்றியவர்க்கு உரியது மூன்றாவது. இன்றும் இத்துறையினர் இம்முப்பகுப்பையே கைக்கொள்கின்றனர்.

இத்துறை இரண்டு பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு இயங்குகிறது எனலாம். ஒன்று இடர்க் காரணிகளின் பட்டியல். வீட்டு வன்முறை, குடிப்பழக்கம், கடன், தனிமை, இழப்பு, தேர்வுத் தோல்வி, தீராத நோய் போல்வன அதில் அடங்கும். மற்றொன்று காப்புக் காரணிகளின் பட்டியல். நம்பிக்கைக்குரிய ஓர் உறவு, கேட்கும் செவி, பள்ளியின் அரவணைப்பு, மருத்துவ உதவி எளிதிற் கிட்டுதல் ஆகியன அதில் அடங்கும். முதற்பட்டியலைச் சுருக்குவதும் இரண்டாம் பட்டியலை விரிப்பதுமே தடுப்பு. அவ்வாறு செய்த முயற்சி உண்மையிலேயே பயன் தந்ததா என்பதை எண்ணிப் பார்த்து, பயன் தராதவற்றைக் கைவிடுவதே அறிவியல். நல்லெண்ணம் மட்டும் இங்குப் போதாது.

மனநலத்தின் பரப்பு பெரிது. அதில் மிகக் கொடிய முடிவாகிய தற்கொலையை மட்டும் எடுத்துக்கொண்டு, தடுப்பு அறிவியல் ஆற்றியிருக்கும் பணியை ஈண்டுக் காண்பது தகும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 7,27,000 பேர் இவ்வாறு உயிர்நீத்தனர். இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022ஆம் ஆண்டிற்குத் தந்த கணக்கு 1,70,924. அவருள் தமிழ்நாட்டினர் 19,834 பேர். மாணவர் 13,044 பேர். காரணங்களுள் முதலிடம் பெற்றது குடும்பச் சிக்கல். நூற்றுக்கு 31.7 பேர் அதனால் மாண்டனர் என்று அவ்வாவணம் குறிக்கிறது. மனநலத்தையும் மனித உறவையும் பிரித்துப் பார்க்க இயலாது என்பதற்கு இவ்வோர் எண்ணே சான்றாகும்.

முழங்கால் அளவு நீர்

"சாகத் துணிந்தவனுக்குச் சமுத்திரம் முழங்கால்" என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பழமொழி. துணிந்துவிட்டவனை எவராலும் தடுக்க முடியாது, ஒரு வழியை அடைத்தால் மறுவழி தேடுவான் என்பதே மக்களின் பொதுவான எண்ணம். தடுப்பு அறிவியல் முதலில் எதிர்கொண்டது இந்த எண்ணத்தைத்தான். இது முற்றும் உண்மையாயின், தடுப்பு என்னும் சொல்லுக்கே பொருளில்லை.

இங்கிலாந்தில் 1960களின் தொடக்கத்தில் வீடுகளில் அடுப்பெரிக்கப் பயன்பட்டது நிலக்கரியிலிருந்து எடுக்கப்பட்ட வாயு. அது நச்சுத்தன்மை மிக்கது. அக்காலத்தில் அந்நாட்டுத் தற்கொலைகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவை அதனால் நேர்ந்தவை. பின்னர் அந்த வாயுவுக்குப் பதிலாக நச்சற்ற இயற்கை வாயு படிப்படியாகக் கொண்டுவரப்பட்டது. அம்மாற்றம் பொருளாதாரக் காரணம் பற்றி வந்தது; உயிர்காக்கும் நோக்கத்தோடு எவரும் அதனைச் செய்யவில்லை. ஆயினும், இங்கிலாந்தும் வேல்சும் சேர்ந்த பகுதியில் 1963ஆம் ஆண்டில் 5,714 ஆக இருந்த தற்கொலைகள் 1975ஆம் ஆண்டில் 3,693 ஆகக் குறைந்தன. ஒரு வழி அடைபட்டபோது எல்லாரும் மறுவழி தேடவில்லை. பல்லாயிரவர் வாழ்ந்தனர். நார்மன் கிரைட்மன் என்னும் ஆய்வாளர் 1976ஆம் ஆண்டில் இவ்வரலாற்றை எழுதியபின் அறிஞருலகம் பழைய கருத்தை மறுபரிசீலனை செய்தது.

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில், பாலமொன்றின்மேல் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரின் பிற்கால வாழ்வை ரிச்சர்டு சைடன் என்பவர் ஆராய்ந்தார். அவர்கள் 1937 முதல் 1971 வரை தடுக்கப்பட்டவர்கள். ஆய்வு வெளிவந்தது 1978ஆம் ஆண்டில். அவர்களுள் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் உயிரோடிருந்தனர் அல்லது இயற்கையாக மறைந்திருந்தனர். ஆஸ்திரியாவின் இன்சுபுரூக்கில், உயிர்பிழைத்த 82 பேரிடம் கேட்டு 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதற்குரிய விளக்கத்தைத் தருகிறது. முதல் எண்ணம் தோன்றியதற்கும் செயலுக்கும் இடைப்பட்ட நேரம் அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்குப் பத்து நிமிடமோ அதற்கும் குறைவோதான்.

பத்து நிமிடம்! தாங்கொணாத் துயரம் பலகாலம் சேர்ந்திருக்கலாம். ஆயின் உயிரைப் பறிக்கும் வேகம் பெரும்பாலும் ஓர் அலைபோல் எழுந்து தணிவது. அவ்வலை தணியும்வரை கைக்கெட்டும் தொலைவில் கொடிய கருவி இல்லாதிருந்தால் அவ்வுயிர் நிற்கும். பழமொழி கூறும் முழங்கால் அளவு நீர் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டுமே உரியது. அவை கடந்தபின் சமுத்திரம் மீண்டும் சமுத்திரமாகிவிடுகிறது.

இலங்கை கற்பித்த பாடம்

இவ்வுண்மையை உலகிற்கு மிகத் தெளிவாக நிறுவிக் காட்டிய நாடு இலங்கை. 1995ஆம் ஆண்டில் அந்நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். அது அக்காலத்தில் உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று. உழவர் இல்லங்களில் கிடந்த பூச்சிக்கொல்லிகளே அவ்விறப்புகளுட் பெரும்பாலானவற்றிற்குக் கருவியாயின. 1984ஆம் ஆண்டில் தொடங்கி, 1995, 1998 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர் 2008 முதல் 2011 வரையிலும் மிகக் கொடிய நச்சுடைய மருந்துகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. 2005ஆம் ஆண்டளவில் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகியது. 2015ஆம் ஆண்டளவில் உச்சநிலையிலிருந்து ஏறத்தாழ 70 விழுக்காடு வீழ்ந்தது. இருபதாண்டுகளில் காக்கப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என ஆய்வாளர் மதிப்பிட்டனர்.

இங்கு நுட்பமாகக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அக்காலத்தில் நஞ்சுண்டு மருத்துவமனை சேர்ந்தோர் தொகை குறைந்துவிடவில்லை. மனிதரின் துயரம் தீர்ந்துபோகவில்லை. வேலையின்மை, மது, மணமுறிவு, உள்நாட்டுப் போர் ஆகியவற்றையும் ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்தனர். இறப்பின் வீழ்ச்சியை அவை விளக்கவில்லை. மாறியது மருந்தின் நச்சுத்தன்மை. பிழைத்தவர் மிகுந்தனர். பிழைத்தவர்க்குச் சொல்லவும் கேட்கவும் காலம் கிடைத்தது. மருந்தைத் தடுத்தால் விளைச்சல் வீழும் என அஞ்சியோர் உண்டு; நெல் விளைச்சல் அதனால் வீழ்ந்ததாகச் சான்றில்லை.

அதே நாட்டில் மற்றொரு முயற்சியும் நடந்தது. பூச்சிமருந்தை வீட்டிலேயே பூட்டி வைக்கப் பெட்டிகள் வழங்கினால் இறப்புக் குறையும் என எதிர்பார்த்து, வடமத்திய இலங்கையின் 180 ஊர்களில் 53,382 குடும்பங்களைக் கொண்டு பெரியதோர் ஆய்வு நடத்தப்பட்டது. முடிவு 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெட்டி பெற்ற ஊர்களுக்கும் பெறாத ஊர்களுக்கும் வேறுபாடில்லை. பெட்டி வீட்டில் இருந்தால் சாவியும் வீட்டில்தான் இருக்கும் அல்லவா? தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோவில் பகுதியில், ஊர்ப்பொதுவான ஓரிடத்தில் மருந்துகளைச் சேமித்து வைக்கும் முயற்சியை உளமருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர்தம் குழுவினரும் சிறிய அளவில் செய்து பார்த்தனர். 2013ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவு நம்பிக்கை தருவதாக இருந்தது. வீட்டுப் பெட்டிக்கும் ஊர்க் கிடங்கிற்கும் உள்ள வேறுபாடு, ஒரு தெரு தொலைவு. பூட்டுக்குப் பொறுப்பாளர் ஒருவர். அவரோடு பேச வேண்டிய இரண்டு வார்த்தை. இடைவெளி என்பது இதுதான். நல்லெண்ணத்தால் மட்டும் உயிர் காக்க முடியாது, அளந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இவ்விரு முயற்சிகளும் சான்றாவன.

பள்ளியில் தொடங்கும் காப்பு

கருவியைத் தள்ளி வைத்தல் கடைசி வாயிலில் நிற்கும் காவல். அதற்கு நெடுந்தொலைவு முன்னரே நிற்க வேண்டிய காவலும் உண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பள்ளிகளில் 1985ஆம் ஆண்டில் முதல் வகுப்புக் குழந்தைகளிடையே ஒரு விளையாட்டு அறிமுகமாயிற்று. ஆசிரியர் வகுப்பைச் சிறுகுழுக்களாகப் பிரிப்பார். எந்தக் குழு குறிப்பிட்ட நேரம் அமைதியோடும் ஒத்துழைப்போடும் இருந்ததோ அதற்குச் சிறுபரிசு. எல்லாக் குழுக்களும் வெல்லலாம் என்பது அதன் சிறப்பு. அடங்காத பிள்ளையைத் தண்டிப்பதற்கு மாறாக, தோழர் அவனைத் தம்மோடு சேர்த்துக்கொண்டனர். அக்குழந்தைகள் இருபது வயதை எட்டியபோது ஆய்வாளர் மீண்டும் அவர்களைத் தேடிச் சென்றனர். முதலில் அவ்விளையாட்டில் பயின்ற தொகுதியினரிடையே, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றியதாகக் கூறியவர் மற்றவரினும் ஏறத்தாழப் பாதி அளவே இருந்தனர்.

ஐரோப்பாவின் பத்து நாடுகளில் 168 பள்ளிகளைச் சேர்ந்த 11,110 மாணவரைக் கொண்டு நடந்த மற்றோர் ஆய்வின் முடிவு 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆசிரியர்க்குப் பயிற்சி தந்து, துயருறும் மாணவரைக் கண்டறியச் செய்தல் ஒரு முறை. வினாத்தாள் கொடுத்து, இடருள்ளோரை வல்லுநரிடம் அனுப்புதல் மற்றொரு முறை. மாணவரே கூடிப் பேசி, வாழ்க்கைச் சிக்கல்களை நடித்துப் பார்த்து, உதவி கேட்கவும் தோழனுக்கு உதவவும் கற்றல் மூன்றாவது முறை. ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது, மூன்றாவது முறையில் பயின்ற மாணவரிடையேதான் முயற்சிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. அதற்குச் செலவான நேரம் நான்கு வாரங்களில் ஐந்து மணி மட்டுமே. பெரியோர் கண்காணிப்பதினும் பிள்ளைகள் தமக்குள் பேசிக்கொள்ளக் கற்பது வலிமை மிக்கது என்பதை இது காட்டுகிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வியில் இரண்டு ஏற்பாடுகளை இவ்வரிசையில் வைத்து எண்ணலாம். பன்னிரண்டாம் வகுப்பில் தவறியவர் ஓராண்டைத் தொலைக்காமல் சில வாரங்களில் மீண்டும் எழுத வழிசெய்யும் துணைத்தேர்வு ஒன்று. மாநில அளவில் முதல் மூவர் யார் என அறிவித்துவந்த வழக்கத்தை 2017ஆம் ஆண்டில் அரசு கைவிட்டது மற்றொன்று. இவற்றுள் எதுவும் மருத்துவம் அன்று. "தோல்வியைக் கண்டு துவளாதே" என்று மேடைதோறும் முழங்குவதினும், தோல்விக்குப் பின் திறந்திருக்கும் ஒரு கதவைக் காட்டுவது சிறந்தது. முன்னது வைக்கோலுக்குச் சொல்லும் அறிவுரை. பின்னது நெருப்பைத் தள்ளி வைக்கும் ஏற்பாடு.

உறவு என்னும் மருந்து

தடுப்பு அறிவியலில் வியக்கத்தக்க பகுதி, மிகச் சிறிய உறவும் எத்துணை வலியது என்று காட்டுவது. ஜெரோம் மோட்டோ என்னும் அமெரிக்க உளமருத்துவர் 1960களின் இறுதியில் தொடங்கிய ஓர் ஆய்வு இலக்கியவாணர்க்குப் பெரிதும் பிடிப்பதாகும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் மேற்சிகிச்சை வேண்டாம் என்று மறுத்த 843 பேரை அவர் இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினர்க்கு ஐந்தாண்டுகள் அவ்வப்போது சிறு கடிதம் சென்றது. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். எழுத விரும்பினால் எழுதலாம் என்ற அளவில் இரண்டொரு வரிகள். மருந்து உண்ணுமாறு வற்புறுத்தவில்லை; மருத்துவமனைக்கு வருமாறு அழைக்கவில்லை. எதையும் கேட்காத கடிதம் அது. 2001ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, கடிதம் பெற்றோரிடையே முதலிரண்டு ஆண்டுகளில் இறப்புக் குறைந்திருந்தது. உலகப்போரில் வீரராக இருந்தபோது தமக்கு வந்த கடிதங்களின் நினைவே மோட்டோவை இம்முயற்சிக்குத் தூண்டிற்று என்பர். பின்னர்ப் பல நாடுகளில் நடந்த இத்தகைய முயற்சிகள் யாவும் ஒரேவகை முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லுதல் வேண்டும். அறிவியல் அவ்வாறு தன்னைத் தானே சோதித்துக்கொண்டுதான் நடக்கிறது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங், இலங்கையின் கொழும்பு, இந்தியாவின் சென்னை ஆகியன அவ்விடங்கள். உயிர்பிழைத்து மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு வழக்கமான மருத்துவம் மட்டும் கிடைத்தது. மற்றொரு பிரிவினரோடு ஒருவர் ஒருமணி நேரம் அமர்ந்து பேசினார். பின் பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரித்தார். அவ்வளவே. 2008ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் மறைந்தனர், விசாரிக்கப்பட்டோரில் 0.2 விழுக்காட்டினரே அவ்வாறு மறைந்தனர். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஒன்பது முறை கேட்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. சென்னையில் 1986ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சினேகா அமைப்பின் தன்னார்வலர் இடையறாது செய்துவருவதும் கேட்டல் என்னும் இப்பணியே. அறிவுரை கூறாமல், குற்றம் காணாமல் கேட்டலே ஒரு பெருங்கலை.

நேரே கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்ததாகிவிடுமே என்று அஞ்சி வாய்மூடியிருப்போர் பலர். கேட்பதால் அவ்வெண்ணம் முளைப்பதில்லை என்பதே இதுவரை செய்யப்பட்ட ஆய்வுகளின் முடிவு. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகின்றனர்.

சொல்லின் பொறுப்பு

இனி, இவ்வவைக்கு நெருங்கிய பகுதிக்கு வரலாம். ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதே 1774ஆம் ஆண்டில் வெளியிட்ட இளைஞன் வெர்தரின் கதை, காதலில் தோற்ற இளைஞன் உயிர்நீப்பதில் முடிவது. அதனைப் படித்த இளைஞர் சிலர் அவனைப்போலவே உடுத்து, அவனைப்போலவே மாண்டனர் என்ற பேச்சு ஐரோப்பாவில் எழுந்தது. இலைப்சிக் நகரில் அந்நூலின் விற்பனையே தடைசெய்யப்பட்டது. இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1974ஆம் ஆண்டில், டேவிட் பிலிப்ஸ் என்னும் சமூகவியலார் நாளிதழ்களின் முதற்பக்கத்தில் தற்கொலைச் செய்தி வந்த பின்னர் அத்தகைய இறப்புகள் மிகுதல் கண்டு, அதற்கு வெர்தர் விளைவு எனப் பெயரிட்டார்.

அதன் மறுபக்கமும் உண்டு. 1980களில் வியன்னா நகரின் சுரங்க இரயில் நிலையங்களில் நேர்ந்த இறப்புகளை நாளிதழ்கள் படத்தோடும் விவரத்தோடும் பரபரப்பாக வெளியிட்டுவந்தன. 1987ஆம் ஆண்டின் நடுவில் மருத்துவரும் அறிஞரும் கூடி நெறிமுறை வகுத்துத் தந்தனர். இதழ்கள் அதனை ஏற்றன. அவ்வாண்டின் முற்பாதியோடு ஒப்பிட, பிற்பாதியில் அந்நிலையங்களில் நேர்ந்த இறப்புகள் 80 விழுக்காட்டிற்கு மேல் குறைந்தன. இந்தியப் பத்திரிகை மன்றமும் 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் இத்தகைய நெறிகளை ஏற்றது. முறையை விவரியாமை, இடத்தைச் சுட்டாமை, ஒற்றைக் காரணம் கற்பியாமை, துறக்கம் புகுந்ததுபோல் புகழாமை, உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்லுதல் ஆகியன அவற்றின் சாரம். இவ்வுரையில் எந்த மருந்தின் பெயரும் எந்தப் பாலத்தின் பெயரும் கூறப்படாமைக்கும் இதுவே காரணம்.

2010ஆம் ஆண்டில் தாமசு நீடர்குரோட்டன்டாலர் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் ஆஸ்திரிய நாளிதழ்களின் 497 செய்திகளை ஆராய்ந்து மற்றோர் உண்மையைக் கண்டனர். துயரத்தில் மூழ்கி, உயிர்விட எண்ணி, ஆயினும் அதனைக் கடந்து மீண்டவரின் செய்தி வெளியானபின் இறப்புகள் குறைந்திருந்தன. மொசார்ட்டு 1791ஆம் ஆண்டில் அரங்கேற்றிய மாயக் குழல் என்னும் இசைநாடகத்தில் பாபகேனோ என்னும் பறவை பிடிப்பவன் காதலியை இழந்தேன் எனக் கலங்கி உயிர்விடத் துணிகிறான். அவ்வேளையில் மூன்று சிறுவர் தோன்றி, அவனிடமுள்ள மணிகளை நினைவூட்டி, வேறு வழியுண்டு எனக் காட்டுகின்றனர். அவன் பெயராலேயே அவ்வறிஞர் அதனைப் பாபகேனோ விளைவு என்றனர்.

தமிழர்க்கு இக்காட்சி புதிதன்று. கம்பராமாயணத்துச் சுந்தர காண்டத்தில், அசோகவனத்துச் சீதை நம்பிக்கையிழந்து உயிர்விடத் துணியும் கணத்தில் அனுமன் தோன்றுகிறான். அவன் அவளுக்கு அறநூல் ஓதவில்லை. "துணிவு கொள்" என்று இடித்துரைக்கவில்லை. இராமன் பெயரைச் சொல்லி, தேடுகிறார் ஒருவர் உளர் என்னும் செய்தியைத் தருகிறான். மணிமேகலையில், கணவன் கடலில் மாண்டான் என்னும் பொய்ச்செய்தி கேட்டுத் தீப்புகுந்த ஆதிரையைத் தீ தீண்டாது விலகுகிறது. சாதுவன் உயிரோடிருக்கிறான், மீள்வான் என வானொலி அறிவிக்கிறது. நம்பிக்கை அற்றுப்போன கணத்தில் மனத்தில் பதிந்த செய்தி முழு உண்மையாக இருக்க வேண்டியதில்லை. காத்திருந்தால் கப்பல் வரக்கூடும். தடுப்பு அறிவியல் எண்களால் கூறும் இதனைச் சாத்தனாரும் கம்பரும் காட்சியால் கூறினர் எனலாம்.

ஆயின், தமிழ் மரபில் இதற்கு எதிரான குரலும் இல்லாமல் இல்லை. வடக்கிருந்து உயிர்நீத்த வேந்தனும் புலவரும் சங்கப் பாடல்களில் போற்றப்படுகின்றனர். அது அக்காலத்து அறக் கோட்பாட்டோடு இயைந்தது. அதனை இக்காலத்து அளவுகோலால் அளப்பது முறையன்று. எனினும் அப்பெருமிதத்தைக் கடன்வாங்கி, இக்காலத்துச் சிறுகதையும் திரைப்படமும் காதலின் உச்சமாகவும் மானத்தின் முடிவாகவும் அச்செயலையே காட்டி வருவது பொருத்தமாகுமா? கதையை முடிக்க வேறு வழி தோன்றாதபோது பாத்திரத்தைக் கொல்வது எழுதுபவர்க்கு எளிது. படிப்பவருள் ஒருவர் அவ்வேளையில் எத்தகைய இரவைக் கடந்துகொண்டிருக்கிறார் என்பதை எழுதுபவர் அறியார். துயரத்தை எழுத வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. துயரத்தை முழுமையாக எழுதுக. அதனுள் ஒருவர் தங்கி, தாங்கி, கடந்து வந்ததையும் எழுதுக என்பதே கருத்து.

நிறைவுரை

சட்டமும் மெல்ல மாறிவருகிறது. உயிர்பிழைத்தவரைக் குற்றவாளியாகக் கருதாமல் கடும் மனவழுத்தத்தில் உள்ளவராகக் கருத வேண்டும் என 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறியது; அது 2018ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 2022ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான தேசியத் தற்கொலைத் தடுப்புத் திட்டம், 2030ஆம் ஆண்டிற்குள் இவ்விறப்புகளைப் பத்து விழுக்காடு குறைப்பதை இலக்காகக் கொண்டது. அதற்கு முந்திய மாதத்தில் தொடங்கப்பட்ட மனநலத் தொலைபேசி உதவி 14416 என்னும் எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது. இவ்வெண்ணை ஒவ்வொரு வீட்டு நாட்காட்டியிலும் எழுதி வைக்கலாம்.

அரசு செய்ய வேண்டியது ஒருபுறம் இருக்க, ஓர் இலக்கிய வட்டம் செய்யக்கூடியதும் உண்டு. திங்கள்தோறும் கூடுவோர் பெயர்ப்பட்டியல் ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கும். தொடர்ந்து வந்துகொண்டிருந்த ஒருவர் இரண்டு மூன்று கூட்டங்களுக்கு வராதிருப்பின், ஓர் அஞ்சலட்டையோ அலைபேசிச் செய்தியோ அவரைத் தேடிச் செல்லட்டும். சந்தா பாக்கியையும் கட்டுரையையும் பற்றி அதில் ஒரு சொல்லும் வேண்டா. தேடப்படுகிறோம் என்னும் செய்தி மட்டும் போதும். துணையை இழந்தவர், ஓய்வு பெற்றவர், பிள்ளைகளை வெளியூர் அனுப்பிவிட்டுத் தனித்திருப்பவர், தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவர் ஆகியோர் அப்பட்டியலில் முதலில் இடம்பெறட்டும். வட்டம் வெளியிடும் மலர்களில் இத்தகைய இறப்பைப் பற்றி எழுத நேரும்போது மேற்கூறிய நெறிகள் பேணப்படட்டும்.

வருமுன் காத்தல் என்பது வருவதை முன்கூட்டியே அறிந்துவிடும் ஆற்றல் அன்று. யாருக்கு எப்போது நேரும் என்று எவராலும் சொல்ல இயலாது. அறிய இயலாமையால்தான் அனைவர்க்குமாகக் காக்க வேண்டியிருக்கிறது. எந்தப் போர் பற்றும் என்று தெரியாத களத்தில் உழவன் எல்லாப் போர்களையும் தள்ளித் தள்ளித்தான் வைக்கிறான். அந்த இடைவெளியை ஒரு சட்டம் தரலாம். ஒரு துணைத்தேர்வு தரலாம். ஊர்ப்பொதுக் கிடங்கின் பூட்டுத் தரலாம். பல வேளைகளில் உற்றவர் ஒருவரின் இரண்டு வரிக் கடிதமே தரலாம். கடிதம் எழுதத் தெரிந்தவர் நிறைந்த அவை இது.